வந்த வழியே போகாதீர்கள்: கணினிப் பாதுகாப்பு குறித்த கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போலிச் செய்திகள், கடவுச்சொற்கள், பணம் பறிபோன பிறகு செய்ய வேண்டியவை ஆகியவற்றைப் பற்றியவை. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒரு கேள்வியாக இணைத்திருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: “உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும்” என்று என் வங்கியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்த இணைப்பைத் திறந்தபோது முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் தெரிந்தது. பூட்டு இருந்தால் அது பாதுகாப்பான தளம் என்றுதானே இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: சொல்லி வந்தது உண்மை. ஆனால் அது பாதி மட்டுமே சரியான அறிவுரை. உங்கள் உலாவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தகவல் மறைகுறியாக்கப்பட்டிருப்பதால் நடுவில் இருப்பவர் எவரும் அதைப் படிக்க முடியாது என்பதை மட்டுமே பூட்டுப் படம் உறுதி செய்கிறது. மறுமுனையில் இருப்பவர் வங்கியா, திருடரா என்பதைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை. பூட்டுக்கு அடிப்படையான சான்றிதழைப் பெற ஒரு காலத்தில் பணமும் சில நாட்களும் தேவைப்பட்டன. 2015ஆம் ஆண்டின் இறுதியில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவும் தானியங்கி முறையிலும் எல்லோருக்கும் வழங்கத் தொடங்கியது. இணையத்துக்கு அது செய்த நன்மை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நேர்மையான தளம் எவ்வளவு எளிதாகச் சான்றிதழ் பெறுகிறதோ, போலித் தளமும் அவ்வளவு எளிதாகவே பெற்றுவிடுகிறது. மக்கள் பூட்டுப் படத்தை நம்பகத்தன்மையின் அடையாளமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்ற காரணத்தால், கூகுள் நிறுவனம் 2023 செப்டம்பரில் தன் குரோம் உலாவியிலிருந்து அந்தப் படத்தையே நீக்கி வேறொரு குறியை வைத்தது.

அப்படியானால் எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். முகவரியைப் பார்க்கலாம், ஆனால் படிக்கும் திசை முக்கியம். நம் கண் இடப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது, உரிமையாளரின் பெயரோ வலக்கோடியில் இருக்கிறது. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். ‘வங்கிபெயர்.காம்.சரிபார்ப்பு.இன்ஃபோ’ என்ற முகவரி வங்கிக்கு உரியதன்று, ‘சரிபார்ப்பு.இன்ஃபோ’ என்ற பெயரைப் பதிவு செய்து வைத்திருப்பவருக்கு உரியது. இடப்பக்கம் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் அவர் ஒட்டிக்கொள்ளலாம். இதை அறிந்தவர்களையும் ஏமாற்ற வழிகள் உண்டு. ஆங்கிலச் சிறிய ‘ஆர்’, ‘என்’ ஆகிய இரு எழுத்துகளும் அடுத்தடுத்து வந்தால் கைபேசித் திரையில் ‘எம்’ போலவே தோன்றும். ரஷ்ய மொழிக்குரிய சிரில்லிக் வரிவடிவத்தில் உள்ள சில எழுத்துகள் ஆங்கில எழுத்துகளிலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியாதவை. முகவரியை ஆராய்ந்து உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையே சில வேளைகளில் ஆபத்தாகிவிடுவதால், அந்தத் திறமையை முதன்மைப் பாதுகாப்பாக நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

நான் பரிந்துரைப்பது வேறு. செய்தி காட்டும் வழியில் செல்லாதீர்கள். நீங்களாக முன்பே அறிந்த வழியில் செல்லுங்கள். வங்கியின் செயலியைத் திறந்து பாருங்கள், அல்லது முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், அல்லது அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள எண்ணை அழையுங்கள். கணக்கில் உண்மையிலேயே சிக்கல் இருந்தால் அது அங்கும் தெரியும். எழுத்துப்பிழையும் கொச்சையான நடையும் போலிச் செய்தியின் அடையாளம் என்று முன்பு சொல்வதுண்டு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எந்த மொழியிலும் பிழையற்ற கடிதத்தை நொடியில் எழுதித் தரும் இக்காலத்தில் அந்த அடையாளத்தை மறந்துவிடலாம். மாறாமல் இருப்பது அவசரம் ஒன்றே: ‘இன்றிரவு’, ‘ஒரு மணி நேரத்துக்குள்’, ‘இறுதி எச்சரிக்கை’. யோசிக்க நேரம் கொடுக்காத செய்தி எதுவானாலும், அதற்கு வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறார்கள். பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறி எல்லாம் இருக்க வேண்டும் என்பது விதி. நினைவில் வைக்க முடியாமல் தாளில் எழுதி வைக்கிறேன். இந்த விதிகளால் உண்மையில் பயன் உண்டா?
– அலுவலக ஊழியர் ஒருவர்

பதில்: நீங்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. இந்த விதிகள் பரவுவதற்கு முக்கியக் காரணம், அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2004இல் வெளியிட்ட ஒரு வழிகாட்டி. அதே அமைப்பு 2017இல் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. கடவுச்சொல் களவு போனதற்கான அறிகுறி இல்லாதபோது குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்றச் சொல்ல வேண்டாம் என்றும், எழுத்து, எண், குறி ஆகியவற்றைக் கலக்குமாறு வற்புறுத்த வேண்டாம் என்றும், நீளத்துக்கே முதன்மை தர வேண்டும் என்றும், ஏற்கெனவே கசிந்த சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு அவற்றை மறுக்க வேண்டும் என்றும் புதிய வழிகாட்டி கூறியது. பழைய வழிகாட்டியை எழுதிய பில் பர் என்பவரே அவ்வாண்டு ஒரு செய்தித்தாளுக்கு அளித்த நேர்காணலில் தாம் எழுதியவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாகச் சொன்னார். அலுவலக விதிகள் மட்டும் இன்னும் பல இடங்களில் மாறவில்லை.

காரணம் எளிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசியில் உள்ள 1ஐ 2 ஆக்குவார்கள், பிறகு 3 ஆக்குவார்கள். ‘ஏ’ என்ற எழுத்துக்குப் பதிலாக ‘அட்’ குறியைப் போடுவார்கள். இந்தப் பழக்கங்களெல்லாம் கடவுச்சொல்லை உடைக்கும் மென்பொருள்களுக்கு நன்றாகவே தெரியும். 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் எந்த மறைகுறியாக்கமும் இல்லாமல் அப்படியே களவு போயின. அவற்றில் மிகுதியாகப் பயன்பட்டிருந்தது ‘123456’. மனிதர்கள் கடவுச்சொல்லை எப்படி அமைக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பட்டியல் ஒரு பாடநூலாகவே ஆகிவிட்டது. தாக்குபவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒரே சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துவது. லிங்க்டுஇன் தளத்திலிருந்து 2012இல் திருடப்பட்ட விவரங்களில் 10 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குரியவை 2016இல் விற்பனைக்கு வந்தன. இத்தகைய பட்டியலை வாங்குபவர் அந்தத் தளத்தோடு நிற்பதில்லை. அதே மின்னஞ்சலையும் அதே சொல்லையும் நூற்றுக்கணக்கான தளங்களில் தானியங்கி முறையில் பொருத்திப் பார்க்கிறார். நீங்கள் எப்போதோ பதிவு செய்து மறந்துவிட்ட ஒரு சிறு தளத்தின் கவனக்குறைவு, உங்கள் மின்னஞ்சல் கணக்கைத் திறந்துவிடக் கூடும்.

ஆகவே ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். அத்தனையையும் மனத்தில் வைப்பது யாராலும் இயலாது என்பதால் கடவுச்சொல் மேலாளர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அதைத் திறப்பதற்கான ஒரு சொல்லை மட்டும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக அமைத்து மனப்பாடம் செய்தால் போதும். இந்த மென்பொருளால் இன்னொரு பயனும் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. சேமித்த முகவரியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் அது கடவுச்சொல்லை நிரப்பும். நம் கண்ணை ஏமாற்றும் முகவரி அதை ஏமாற்றாது. வழக்கமாகத் தானே நிரப்பும் இடத்தில் அது பேசாமல் இருந்தால், நீங்களும் கையை எடுத்துவிடுங்கள்.

தாளில் எழுதுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அலுவலக மேசையில் ஒட்டி வைப்பது தவறு. வீட்டில் பூட்டிய பெட்டியில் ஒரு நோட்டில் எழுதி வைப்பது, ஒரே சொல்லை முப்பது தளங்களில் பயன்படுத்துவதைவிட எவ்வளவோ மேல். தொலைதூரத்தில் இருக்கும் திருடரால் உங்கள் பெட்டியைத் திறக்க முடியாது.

கேள்வி: ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் என் கணக்கில் வேறொருவர் நுழைந்துவிட்டார். இது எப்படி நடக்கும்?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: நீங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம், ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். போலித் தளங்கள் இப்போது வெறும் படிவங்களாக இருப்பதில்லை. நீங்கள் அங்கே கடவுச்சொல்லை இட்டதும் அது அதே நொடியில் உண்மையான தளத்துக்கு அனுப்பப்படுகிறது. உண்மையான தளம் உங்கள் கைபேசிக்கு ஓடிபி அனுப்புகிறது. குறுஞ்செய்தி வழக்கமான இடத்திலிருந்தே வருவதால் உங்களுக்கு ஐயம் எழுவதில்லை. அந்த எண்ணையும் போலிப் பக்கத்தில் இடுகிறீர்கள், அது கை மாறுகிறது, உங்களுக்குப் பதிலாகத் திருடர் உள்ளே நுழைந்துவிடுகிறார்.

இன்னொரு வழி சிம் மாற்று மோசடி. உங்கள் பெயரில் தொலைபேசி நிறுவனத்தை அணுகி, சிம் தொலைந்துவிட்டதாகச் சொல்லி, உங்கள் எண்ணைத் தம் சிம்முக்கு மாற்றிக்கொள்வார்கள். அதன் பிறகு உங்கள் குறுஞ்செய்திகள் அனைத்தும் அவர்களுக்கே போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டர் நிறுவனத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே அவருடைய தொலைபேசி எண்ணைக் கைப்பற்றியவர்களால் ஊடுருவப்பட்டது என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கைபேசியில் காரணமின்றிச் சிக்னல் முற்றிலும் மறைந்து நெடுநேரம் திரும்பாவிட்டால், வேறொரு தொலைபேசியிலிருந்து உடனே உங்கள் தொலைபேசி நிறுவனத்தை அழையுங்கள்.

இதனால் ஓடிபி பயனற்றது என்று முடிவு செய்துவிடாதீர்கள். கடவுச்சொல் மட்டும் இருப்பதைவிட அது பலமடங்கு மேலானது. குறுஞ்செய்திக்குப் பதிலாக, 30 நொடிகளுக்கு ஒருமுறை புதிய எண்ணைக் காட்டும் அங்கீகாரச் செயலியைப் பயன்படுத்தினால் சிம் மாற்று மோசடி பலிக்காது. ஆனால் அந்த எண்ணையும் போலிப் பக்கத்தில் இட முடியும் என்பதால் முதல் வகை மோசடி பலிக்கும். இரண்டையும் தடுப்பது பாஸ்கீ. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2022இல் கூட்டாக ஆதரவு அறிவித்த இம்முறையில், உங்கள் கருவிக்குள் இருக்கும் ரகசியச் சாவி உண்மையான தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வேறு முகவரியில் அது இயங்காது. தட்டச்சு செய்வதற்கு எண்ணோ சொல்லோ இல்லாததால் ஏமாந்து கொடுப்பதற்கும் எதுவுமில்லை. எல்லாத் தளங்களிலும் இன்னும் இந்த வசதி வரவில்லை. வந்த இடங்களில், குறிப்பாக மின்னஞ்சல் கணக்கில், இன்றே அமைத்துவிடுங்கள்.

கேள்வி: விலை கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவது அவசியமா?
– சிறுதொழில் செய்யும் வாசகர்

பதில்: வீட்டுக் கணினிக்குப் பெரும்பாலும் அவசியமில்லை. விண்டோஸுடன் சேர்ந்தே வரும் டிஃபெண்டர் என்ற தடுப்பு மென்பொருள், புதுப்பிப்புகள் தவறாமல் நிறுவப்பட்டால், போதுமான அளவு வேலை செய்கிறது. அந்தப் பணத்தைக் காப்புநகல் எடுப்பதற்கான ஒரு வெளிவட்டுக்குச் செலவிடுங்கள். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம். பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத இயங்குதளத்தின் மேல் எத்தனை ஆன்டிவைரஸ் போட்டாலும் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

கேள்வி: என் தந்தையின் கணினித் திரை முழுவதும் திடீரெனச் சிவந்து, அபாய ஒலி எழுந்து, “வைரஸ் தாக்கியுள்ளது, கணினியை அணைக்காதீர்கள்” என்ற அறிவிப்போடு ஒரு தொலைபேசி எண் தெரிந்தது. அவர் அழைத்தார். பேசியவர் ஏதோ ஒரு செயலியை நிறுவச் சொல்லி, கணினியைத் தம் கட்டுப்பாட்டில் எடுத்து ஒரு மணி நேரம் ஏதேதோ செய்திருக்கிறார். இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– வெளியூரில் வசிக்கும் மகன்

பதில்: செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். அந்தக் கணினியின் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து உங்கள் தந்தையின் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வங்கிக்கு முன்பே மின்னஞ்சலை மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மற்ற எல்லாக் கணக்குகளின் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ கடிதங்களும் அங்கேதான் வந்து சேரும். மாற்றியதோடு நிறுத்தாமல், அந்த மின்னஞ்சலின் அமைப்புகளுக்குள் சென்று மூன்று இடங்களைப் பாருங்கள். தெரியாத முகவரிக்குக் கடிதங்களைத் திருப்பிவிடும் விதி ஏதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா? கணக்கை மீட்பதற்கான தொலைபேசி எண் மாற்றப்பட்டிருக்கிறதா? உள்நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் அறிமுகமற்றது ஏதேனும் இருக்கிறதா? திருடர்கள் கடவுச்சொல் மாறிய பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த இடங்கள் வழியாகத்தான். அடுத்து வங்கியை அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் அழைத்து நடந்ததைச் சொல்லி, அட்டையையும் இணையவழிப் பரிமாற்றத்தையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு கணினிக்கு வாருங்கள். நிறுவப்பட்ட தொலைக்கட்டுப்பாட்டுச் செயலியை நீக்குவது மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரத்தில் வேறு எதை வைத்துவிட்டுப் போனார்கள் என்பதை உறுதியாகக் கண்டறிவது கடினம் என்பதால், ஆவணங்களையும் படங்களையும் பிரதி எடுத்துக்கொண்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே நிம்மதி தரும் வழி.

இனி, நடந்தது என்ன என்பதைப் பார்ப்போம். திரை சிவந்தது வைரஸால் அன்று. அது ஒரு விளம்பரத்தின் வழியே திறந்த சாதாரண வலைப்பக்கம். முழுத்திரையை நிரப்பி, ஒலியெழுப்பி, மூட முடியாதது போல் தோன்றுமாறு அதை வடிவமைத்திருப்பார்கள். எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து முழுத்திரையிலிருந்து வெளியே வந்து பக்கத்தை மூடினாலோ, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து உலாவியை மூடினாலோ அது போய்விடும். கணினியை அணைத்துவிட்டாலும் கெடுதல் எதுவுமில்லை. ‘அணைக்காதீர்கள்’ என்று அவர்கள் எழுதுவதே அதனால்தான். தன் எச்சரிக்கை அறிவிப்புகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தெளிவாகவே கூறியிருக்கிறது. எண் இருந்தால் அது போலி என்று உங்கள் தந்தைக்குச் சொல்லி வையுங்கள்.

அழைத்தவர்களை நம்பவைக்க இவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு வேலை, கணினியில் நடப்பவற்றைப் பதிவு செய்து வைக்கும், விண்டோஸில் உள்ள ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டுவது. அதில் சிவப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கான பிழைக் குறிப்புகள் இருக்கும். நலமாக இயங்கும் எந்தக் கணினியிலும் அவை இருக்கும். இன்னொரு வேலை, ‘கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று சொல்லி வங்கிக் கணக்கைத் திறக்கச் செய்து, உலாவியில் தெரியும் பக்கத்தின் எண்களைத் தற்காலிகமாகத் திருத்தி, தவறுதலாகப் பெருந்தொகை வந்துவிட்டதைப் போலக் காட்டுவது. நேர்மையான மனிதர் மிகுதியைத் திருப்பி அனுப்புவார். அனுப்புவது அவருடைய சொந்தப் பணம். இந்த ஏமாற்று வித்தை பேராசையைத் தூண்டவில்லை, நேர்மையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. எனக்கு மிகுந்த கோபம் வருவது இதன் மேல்தான்.

கேள்வி: ஒரு தளத்தில் “நான் ரோபோ அல்லன்” என்பதை உறுதிப்படுத்த, விண்டோஸ் விசையையும் ‘ஆர்’ விசையையும் சேர்த்து அழுத்தி, பிறகு கண்ட்ரோல் ‘வி’ அழுத்தி, என்டர் தட்டச் சொன்னார்கள். செய்யலாமா?
– கணினி கற்று வரும் வாசகி

பதில்: கூடாது. அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமலேயே ஒரு கட்டளையை, பிரதி எடுத்தவை தற்காலிகமாகத் தங்கும் இடமான கிளிப்போர்டில் பிரதி எடுத்து வைத்திருக்கும். நீங்கள் அழுத்தும் விசைகள் அதைக் கணினியில் ஒட்டி இயக்கிவிடும். நீங்களே உங்கள் கையால் இயக்குவதால் தடுப்பு மென்பொருள்கள் பலவும் அதைத் தடுக்கத் தவறுகின்றன. நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும் உண்மையான கேப்ட்சா எதுவும் உலாவிக்கு வெளியே உங்களை அனுப்பாது. 2024 முதல் இந்த உத்தி வேகமாகப் பரவி வருவதால், இதுவரை காணாதவர்களும் விரைவில் காண்பார்கள்.

கேள்வி: என் கணினியில் இருந்த எல்லாக் கோப்புகளின் பெயர்களும் மாறிவிட்டன, எதையும் திறக்க முடியவில்லை. பணம் கட்டினால் சாவி தருவதாக ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது. கட்டலாமா?
– புகைப்படக் கலைஞர் ஒருவர்

பதில்: கணினியை வலையமைப்பிலிருந்து பிரித்துவிட்டு, அந்தக் குறிப்பைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்க வேண்டாம். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் என்ற தளத்தில், மாதிரிக் கோப்பு ஒன்றைக் கொடுத்தால் எந்த வகை மென்பொருள் தாக்கியது என்று அடையாளம் காட்டி, தீர்வு இருந்தால் இலவசமாகவே தருவார்கள். எல்லா வகைக்கும் தீர்வு இல்லை. இன்று இல்லாதது, குற்றவாளிகளின் கணினிகள் பிடிபடும்போது பின்னாளில் கிடைப்பதுண்டு. அழிக்க வேண்டாம் என்று சொன்னது அதனால்தான்.

பணம் கட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. தார்மீகக் காரணத்தை விட்டுவிடுவோம். கட்டியவர்களுக்கெல்லாம் கோப்புகள் திரும்பக் கிடைத்ததில்லை. 2017 ஜூனில் உக்ரைனில் தொடங்கி உலகெங்கும் பரவிய நாட்பெட்யா என்ற தீய மென்பொருள், பணம் கேட்டதே தவிர, கோப்புகளை மீட்பதற்கான வழியையே தன்னிடம் வைத்திருக்கவில்லை. பணயம் கேட்கும் மென்பொருள் என்பது புதிதும் அன்று. 1989இல் ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்ற பெயரில் அஞ்சலில் அனுப்பப்பட்டன. அவற்றை நிறுவிய கணினி 90 முறை தொடங்கப்பட்ட பிறகு கோப்புப் பெயர்களை மறைத்துவிட்டு, பனாமா நாட்டு அஞ்சல்பெட்டி ஒன்றுக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. பணத்தை வாங்கும் வழி அன்று சிரமமாக இருந்ததால் அந்தத் தொழில் வளரவில்லை. பிட்காயின் போன்ற மறைநாணயங்கள் வந்த பிறகு அந்தச் சிரமம் நீங்கிவிட்டது.

இத்தகைய தாக்குதல்களில் பல, முன்பே திருத்தம் வெளியான மென்பொருள் ஓட்டைகள் வழியாகவே நுழைகின்றன. 2017 மே 12 அன்று வெடித்து 150 நாடுகளுக்குப் பரவி, பிரிட்டனின் மருத்துவமனைகளைக்கூட ஸ்தம்பிக்க வைத்த வான்னாகிரை என்ற பணயம் கேட்கும் மென்பொருள் பயன்படுத்திய ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டிருந்தது. இடையில் எட்டு வாரங்களுக்கும் மேல் அவகாசம் இருந்தது. ‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தானை அழுத்தும்போதெல்லாம் இந்த இடைவெளியை நினைத்துக்கொள்ளலாம்.

எதிர்காலத்துக்கு உங்களைக் காப்பது காப்புநகல் மட்டுமே, அதுவும் கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட்டது. எப்போதும் செருகியே இருக்கும் வெளிவட்டைக் கணினியோடு சேர்த்தே பூட்டிவிடுவார்கள். மேகச் சேமிப்பில் தானாக ஒத்திசையும் கோப்புறையும் பூட்டப்பட்ட கோப்புகளையே விசுவாசமாகப் பிரதி எடுக்கும். பழைய பதிப்புகளை மீட்கும் வசதி அதில் உண்டா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்பது இத்துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மேர்ஸ்க் என்ற மாபெரும் கப்பல் நிறுவனத்தின் வலையமைப்பை நாட்பெட்யா அழித்தபோது, அதன் அடிப்படைத் தரவைத் தாங்கிய கணினிகளில் கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்சாரம் இல்லாமல் அது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததே காரணம். அந்த ஒன்றைக் கொண்டுதான் நிறுவனம் மீண்டும் எழுந்தது. மின்வெட்டு தற்செயலாகச் செய்ததை நீங்கள் வாரம் ஒருமுறை வேண்டுமென்றே செய்யலாம்: பிரதி எடுங்கள், கழற்றுங்கள், வேறு அறையில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.

கேள்வி: மகனின் குரலிலேயே பேசி, விபத்து என்று சொல்லிப் பணம் கேட்கிறார்களாமே? குரலையும் முகத்தையும்கூட நம்பக் கூடாதென்றால் எதைத்தான் நம்புவது?
– இல்லத்தரசி ஒருவர்

பதில்: குரலையும் முகத்தையும் மட்டும் வைத்துப் பணம் அனுப்பும் முடிவை எடுக்க முடியாத காலம் வந்துவிட்டது என்பது கசப்பான உண்மை. சமூக ஊடகத்தில் கிடைக்கும் சில நொடிப் பேச்சே ஒருவரின் குரலைப் போலச் செய்யப் போதுமானதாக இருக்கிறது. 2024இன் தொடக்கத்தில், அரூப் என்ற பன்னாட்டுப் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவருக்கு, ரகசியமாகப் பணம் அனுப்பச் சொல்லி நிதித் தலைவரின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. அவர் முதலில் சந்தேகப்பட்டார். பிறகு ஒரு காணொளிக் கூட்டத்தில் நிதித் தலைவரையும் சக ஊழியர்களையும் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்து, பல தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். கூட்டத்தில் இருந்த மற்ற அனைவரும் போலியாக உருவாக்கப்பட்டவர்கள். கவனியுங்கள்: சந்தேகப்படும் அறிவு அவரிடம் இருந்தது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவர் சென்ற வழிதான் மோசடிக்காரர்கள் அமைத்துக் கொடுத்த வழியாக இருந்துவிட்டது.

உங்கள் கேள்விக்கான விடையும் அதிலேயே இருக்கிறது. அழைப்பை வைத்துவிட்டு, உங்கள் கைபேசியில் ஏற்கெனவே சேமித்துள்ள மகனின் எண்ணை நீங்களே அழையுங்கள். திரையில் மகனின் பெயரே தெரிந்தாலும் அவ்வாறே செய்யுங்கள். அழைப்பவரின் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். எடுக்கவில்லையென்றால் அவருடன் இருக்கக்கூடிய நண்பரை அழையுங்கள். “யாரிடமும் சொல்லாதே”, “அழைப்பைத் துண்டிக்காதே” என்று வற்புறுத்துபவர், நீங்கள் சரிபார்த்துவிடுவீர்களோ என்று அஞ்சுகிறார். குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லை ஒப்புக்கொள்வதும் நல்லது. அதை நேரில் பேசி முடிவு செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள்.

கேள்வி: பொது இடங்களில் ஒட்டப்பட்டுள்ள க்யூஆர் குறியீடுகளை ஸ்கேன் செய்வது ஆபத்தா?
– பள்ளி மாணவர்

பதில்: ஸ்கேன் செய்வது மட்டும் பெரும்பாலும் ஆபத்தன்று, அதன் பிறகு திறக்கும் பக்கத்தில் நீங்கள் செய்வதுதான் ஆபத்து. க்யூஆர் என்பது கண்ணால் படிக்க முடியாத ஒரு இணைப்பு, அவ்வளவே. அசல் குறியீட்டின் மேல் வேறொன்றை ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பணம் செலுத்தும் முன் திரையில் தெரியும் பெறுநரின் பெயரைப் படியுங்கள். பணம் பெறுவதற்கு க்யூஆரை ஸ்கேன் செய்து ரகசிய ‘பின்’ எண்ணை இட வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தாயார் ஒரு முதலீட்டுக் குழுவில் சேர்ந்து சேமிப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டார். பல வாரங்கள் எங்களிடம் சொல்லவே இல்லை. இப்போது, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக ஒருவர் அழைத்து முன்கட்டணம் கேட்கிறார். நம்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நம்ப வேண்டாம். ஏமாந்தவர்களின் பட்டியல் மோசடிக்காரர்களிடையே விற்கப்படுகிறது. இழந்த தொகை எவ்வளவு என்பதைக்கூட அழைத்தவர் சரியாகச் சொன்னால், அவருக்கு அது தெரிந்திருப்பதே அவர் யார் என்பதற்குச் சான்று. வழக்கறிஞர், அதிகாரி, ஹேக்கர் என்று எந்த வேடத்தில் வந்தாலும், மீட்டுத் தருவதற்கு முன்பே கட்டணம் கேட்பவர் இரண்டாவது முறை திருட வந்தவர். மறைநாணயமாக அனுப்பிய பணத்தைத் தம் தொழில்நுட்பத்தால் திருப்ப முடியும் என்பவர் அப்பட்டமாகப் பொய் சொல்கிறார். அந்தப் பரிமாற்றங்களைப் பின்னோக்கித் திருப்பும் வசதியே அவற்றில் இல்லை.

உங்கள் தாயாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய குழுக்களில் முதலில் சிறு தொகையைப் போட்டு, லாபத்தோடு திரும்ப எடுக்கவும் அனுமதிப்பார்கள். அவர் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பியிருக்கிறார். பிறகு செயலியில் வளர்ந்ததெல்லாம் வெறும் எண்கள். குழுவில் லாபம் பெற்றதாக எழுதிய ‘உறுப்பினர்கள்’ பெரும்பாலும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். பல வாரங்கள் அவர் சொல்லாமல் இருந்தது வெட்கத்தால். அந்த வெட்கத்தையும் கணக்கில் வைத்துத்தான் மோசடிக்காரர்கள் தொழில் நடத்துகிறார்கள். முதல் சில மணி நேரங்களில் தகவல் தெரிந்தால், பணம் இடைக் கணக்குகளில் இருக்கும்போதே வங்கி அதை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. “எப்படி ஏமாந்தாய்?” என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்காமல் இருந்தால்தான், அடுத்த முறை அந்தத் தகவல் உங்களுக்கு நேரத்தோடு வந்து சேரும்.

வாரங்கள் கடந்திருந்தாலும் வங்கியிடமும் காவல்துறையிடமும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறுவதற்கு முன்பு உரையாடல்களைத் திரைப்பிடிப்பாக எடுத்து வையுங்கள். பரிமாற்ற எண்கள், தேதிகள், பணம் சென்ற கணக்குகள், செயலியைப் பதிவிறக்கிய முகவரி ஆகியவற்றை வரிசையாக எழுதி இணையுங்கள். மீட்டுத் தருவதாக அழைத்தவரிடம் வாதாட வேண்டாம். அவருடைய எண்ணையும், அவர் அழைத்த நேரத்தையும், கட்டணம் அனுப்பச் சொன்ன கணக்கையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.